உள்ளே இருப்பதற்கும் ஒரு பொட்டு

திருச்செங்கோட்டு ரோட்டில் எங்கள் எடைமேடை இருக்கிறது. லாரி வந்து மேடைமேல் ஏறி நின்றால், சன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதன் எடை சிவப்பு எண்களில் தெரியும். அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் தானாக வாங்கிக்கொள்ளும். நான் வண்டி நம்பரை அடித்து, சரக்கு இன்னதென்று காட்டி, ஒரு பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். காலி வண்டியாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை. பார எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் சரக்கின் எடை. அந்தக் கழித்தலையும் கம்ப்யூட்டரே செய்துவிடும். இந்த வேலையை நான் பார்க்கிறேன் என்றால் நம்பாதவர்கள் உண்டு. நம்பாதவர்கள் வந்து சன்னலில் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். ஆகட்டுமே, எனக்கு என்ன அவசரம். இங்கிலீஷ் எழுத்தை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. லாரிகளின் நம்பர் பலகைகள்தான் சொல்லித் தந்தன. நம் ஊர் வண்டி இரண்டு எழுத்தைக் காட்டியது. கர்நாடகா வண்டி இரண்டு, கேரளா வண்டி இரண்டு என்று ஒவ்வொரு மாநிலமாக என் மேடையில் வந்து நின்று, தன் எழுத்தைக் காட்டிவிட்டுப் போயிற்று. எம் என்ற எழுத்து மகாராஷ்டிராவிலிருந்து வெங்காயத்தோடு வந்தது. இன்றைக்கும் அந்த எழுத்தைக் கண்டால் எனக்கு வெங்காய வாசம் அடிக்கும்.

திரையை நான் படித்ததே இல்லை. இடம் பார்த்துத்தான் பழக்கம். நீலத் திரை, அதில் மஞ்சள் கட்டங்கள். மேல் கட்டம் வண்டி நம்பர். அதற்கடுத்தது சரக்கு. மக்காச்சோளம் என்றால் கீழே போகும் அம்புக்குறியை ஒருமுறை தட்ட வேண்டும்; கிழங்கு என்றால் இரண்டு தட்டு; பள்ளிபாளையத்துக் காகித மில்லுக்குப் போகும் பழைய பேப்பர் என்றால் இன்னும் கொஞ்சம் கீழே. சமையல்கட்டில் பார்க்காமலே கை நீட்டி மஞ்சள்பொடி டப்பாவை எடுக்கிறோம் அல்லவா, அப்படி. என் வீட்டுக்காரர் இருக்கும்போதே வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவர் போன பிறகு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் என்னை உட்கார வைக்கவில்லை.

போன மக்காச்சோள சீசன் தொடங்கிய நேரம். காலையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு டிரைவர் காலி வண்டியை ஏற்றி எடை போட்டுவிட்டு மக்காச்சோளக் காட்டுப் பக்கம் பாரம் ஏற்றப் போனார். தலை நரைத்த மனுஷர். என்னை அக்கா என்பார். அவர் திரும்பி வருவதற்குள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. திரை ஒருமுறை சுருங்கிப் போய்க் கறுத்துவிட்டது.

அவர் பாரத்தோடு வந்து மேடையில் ஏறி நின்றார். நான் கையை விரித்தேன்.

"என்னுங்கக்கா இது? காலி எடையப் போட்டுட்டு இப்பப் பாரத்தோட நிக்கறேன். மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சு பந்தலப் பிரிச்ச கதையா இருக்குது."

"பந்தல் தானாப் பிரிஞ்சு போச்சுங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த எடைமேடைக்குப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆரம்பித்த எடை ஒன்று முடியாமல் போனது அதுதான் முதல் தடவை.

மகன் டயர் கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் ஒரு ஆளைக் கூட்டி வந்தான். அந்த ஆள் பெட்டியைத் திறந்து பார்த்து, போர்டு எரிந்துவிட்டது என்றார். உள்ளிருந்து ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்து, "பழைய கணக்கெல்லாம் இதுக்குள்ள இருக்குதுங்க, பத்திரம்" என்றார். மிச்சப் பெட்டி பழைய இரும்புக்காரருக்கு என்று முடிவாயிற்று.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுடையது லாரிக் குடும்பம். லாரியை விற்றால் வண்டியை முழுசாகக் கொடுக்க மாட்டோம். சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கடையில் வாங்கிய புது நட்டைப் போட்டுத்தான் கொடுப்போம். வண்டி போகலாம், அதன் ராசி வீட்டைவிட்டுப் போகக் கூடாது. அப்படிக் கழற்றிய நட்டுகள் சாமி அலமாரியில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. எங்களுக்குச் சோறு போட்ட கம்ப்யூட்டர் மட்டும் வெறுமனே போகலாமா? இரும்புக்காரர் தராசை இறக்கிக்கொண்டிருக்கும்போது, பெட்டியின் பின்னால் துருத்திக்கொண்டிருந்த கட்டைவிரல் அளவுப் பச்சைத் துண்டு ஒன்றை இழுத்தேன். சுலபமாகக் கையோடு வந்தது. பொட்டு வைத்து நட்டுகளோடு சேர்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நட்டைப் பற்றி யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கறுப்பாக, மெலிசாக, சத்தமே இல்லாமல் இருந்தது. கொண்டுவந்தவர்கள் எங்கள் பழைய எடை மென்பொருளை அதில் போட்டுப் பார்த்தார்கள். ஏறவில்லை. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருளே வேறு, பழசோடு இதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்றார்கள். பழசை எழுதிக் கொடுத்த கடைக்காரர்களும் எப்போதோ கடையை மூடிவிட்டார்களாம். அதனால் புது மென்பொருள் ஒன்றைப் போட்டார்கள்.

எல்லாம் வெள்ளை. எறும்பு வரிசை மாதிரி எழுத்து. அம்புக்குறிப் பொத்தானைத் தட்டினால் எங்கேயோ போகிறது. ஒவ்வொன்றுக்கும் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்கிறது. நானும் விடாமல் தட்டித்தான் பார்த்தேன். கிழங்கு ஏற்றி வந்த ஒரு பையன் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, சன்னலுக்கே திரும்ப வந்தான்.

"ஏனுங்காத்தா, நான் ஏத்தும்போது கிழங்காத்தான் இருந்துச்சு. வர்ற வழியில செங்கல்லா மாறிப் போச்சுங்களா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்துவைத்தேன். மகன் சிரிக்கவில்லை.

"போதும்மா. இத்தன வருசம் உக்காந்தது போதும். அடுத்த வாரம் சேலத்துல இருந்து ஒரு ஆளு வருது. நீ ஊட்டுல டிவியப் பாத்துக்கிட்டு இரு" என்றான்.

"டிவி பாக்கறதுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன் கண்ணு?" என்றேன்.

அவன் பாசத்தில்தான் சொன்னான். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் ரோடு முழுக்கத் தெரியும். மேச்சேரி ஆடு ஏற்றிய வேனும் ஆத்தூருக்குக் கிழங்கு கொண்டுபோகும் லாரியும் என் முன்னால் நின்று, நான் தலையை அசைத்த பிறகுதான் நகரும். டிவியில் யார் என்னைக் கேட்டு நகர்வார்கள்?

பக்கத்து நூல் மில்லில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி தினமும் ஸ்கூட்டரில் எங்கள் மேடையைத் தாண்டித்தான் போவாள். நாற்பது வயது இருக்கும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மறுநாள் ரோட்டிலேயே அவளைக் கைகாட்டி நிறுத்தினேன்.

"அம்மிணி, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போ சாமி."

"காபிக்கு நிறுத்தற மொகமா இது? என்னாச்சுங்கம்மா?" என்று அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. புதுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஸ்குரூ டிரைவரால் பல்லைத் தட்டிக்கொண்டே யோசித்தாள்.

"பழைய மென்பொருள் இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடாதுங்கம்மா. அவிங்க சொன்னது சரிதான்."

"அப்ப அவ்வளவுதானா?"

"அதுக்கு அதோட கம்ப்யூட்டரே வேணும். அதனால, இதுக்குள்ள அந்தப் பழைய கம்ப்யூட்டரச் செஞ்சு வெச்சர்றேன்."

எனக்கு விளங்கவில்லை. கறுப்புப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு சாண் அகலம்கூட இல்லை.

"அத்தாப்பெரிய பெட்டிய இதுக்குள்ள எங்கம்மிணி வெப்பே?"

அவள் சிரித்துவிட்டாள். "இரும்புலயா செய்யறேன்? எல்லாம் கணக்குலதானுங்க. லாரி மேல லாரிய ஏத்தீட்டுப் போவாங்களே, பாத்திருக்கீங்கல்ல?"

பார்க்காமல் என்ன? வெறும் சட்டமும் சக்கரமுமாக இருக்கும் புது லாரி சேஸிஸ் ஒன்றை இன்னொன்றின் முதுகில் ஏற்றி, பாடி கட்ட நாமக்கல்லுக்குக் கொண்டுபோவார்கள். என் மேடையிலேயே அப்படி நின்றிருக்கின்றன.

"பாத்திருக்கேன். ஆனா மேல இருக்கற லாரி ஓடாதே."

"இங்க ஓடுமுங்க. மேல இருக்கற லாரியில ஒரு டிரைவர் உக்காந்திருக்கறான்னு வெச்சுக்கங்க. ஸ்டியரிங்கப் புடிக்கறான், கியரு போடறான், பிரேக்கு மிதிக்கறான். ரோட்டு மேல ஓட்டறதாத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கறான். அடியில இன்னொரு லாரி தன்னச் சொமந்துக்கிட்டு ஓடறது அவனுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நின்னுருவான். தெரியாமப் பாத்துக்கறதுதான் என்ற வேலை."

நான் எத்தனையோ டிரைவர்களைப் பார்த்தவள். இப்படி ஒரு டிரைவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஹார்ட் டிஸ்க்கை ஒரு வயரில் மாட்டி, அதில் இருந்ததை எல்லாம் அப்படியே புதுக் கம்ப்யூட்டருக்குள் இழுத்தாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மில்லுக்குப் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தாள். என்னென்னமோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு, "இப்பப் பாருங்க" என்று ஒரு பொத்தானை அமுக்கினாள்.

வெள்ளைத் திரையின் நடுவில் ஒரு கறுப்புக் கட்டம் விழுந்தது. அந்தக் கட்டத்துக்குள் எங்கள் பழைய கம்ப்யூட்டர் கண் விழித்தது.

நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கண் விழிக்கும்போது அது போடும் ஒரு ராகம் உண்டு, தினமும் காலையில் நான் கேட்ட ராகம். அதையே போட்டது. மகன் எப்போதோ வைத்த படம் பின்னால் வந்தது, எங்கள் கடைசி லாரி, மாலையோடு. பெட்டி இரும்புக்கடையில் தகடு தகடாகப் பிரிந்திருக்கும். விசிறி எங்கே, எரிந்த போர்டு எங்கே, யாருக்குத் தெரியும். இதுவோ எதுவும் நடக்காதது மாதிரி எனக்கு முன்னால் எழுந்து நிற்கிறது. என்னை அறியாமல் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். பெரியவர்கள் உள்ளே வந்தால் எழுவோமே, அது மாதிரி.

அவள் எடை மென்பொருளைத் தட்டினாள். நீலத் திரை வரும் என்று நான் காத்திருந்தேன். சிவப்பாய் ஒரு பெருக்கல் குறியோடு சின்னக் கட்டம் வந்து நின்றது. மூடினாள். மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவப்பு.

ஸ்குரூ டிரைவர் பல்லுக்குப் போயிற்று. யாருக்கோ போன் போட்டுப் பேசினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்போது பார்த்து மகன் வந்தான், புது ஆளுக்கென்று சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு.

"ஏனுங்க, உங்களுக்கு எதுக்கு வீண் செரமம்? அதுதான் ஓடாதுன்னு சொல்லீட்டாங்கல்ல" என்றான் அவளிடம்.

"ஓடுதுங்கண்ணா. கம்ப்யூட்டர் ஓடுது, மென்பொருளும் ஓட ரெடியா நிக்குது. சாவிதான் கேக்குது. அந்தக் காலத்துல இந்த மாதிரி மென்பொருளுக்கெல்லாம் திருடிப் போடாம இருக்கறதுக்குன்னு ஒரு சின்னச் சாவி தருவாங்க. கட்டவெரல் அளவு. பெட்டிக்குப் பின்னால சொருகியிருக்கும்."

"பெட்டியத்தான் இரும்புக்காரனுக்குப் போட்டாச்சே."

"அப்ப அதோட அதுவும் போயிருச்சுங்க" என்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா."

அவள் சொன்ன அளவை என் கட்டைவிரலை நீட்டிப் பார்த்துக்கொண்டேன். பிறகு, "ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு, மேடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்தேன். ஓடவில்லை. என் வயதில் ஓடினால் பார்க்கிறவர்களுக்குத்தான் பயம்.

பித்தளைக் கிண்ணத்தை அப்படியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். நட்டுகளுக்கு நடுவில் பச்சைத் துண்டு, நெற்றி நிறையப் பொட்டோடு.

மகன் கிண்ணத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அட, கம்ப்யூட்டருக்குமா நட்டு கழட்டுனே!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவன், அந்தச் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

"சிரிடா. உங்கப்பன் பழக்கம்தான்" என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. துண்டை விரல் நுனியில் எடுத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "வாயெல்லாம் சந்தனம் அடைச்சிருக்குதுங்கம்மா" என்று முனகினாள். என் சேலையிலிருந்து ஒரு ஊக்கை வாங்கி, காய்ந்த சந்தனத்தைத் துளித் துளியாகச் சுரண்டினாள். பின்புறத்துப் பொட்டை மட்டும் தொடவில்லை. நான் கும்பிடாத சாமி இல்லை.

சொருகினாள். உள்ளே இருக்கும் பழசுக்கு அது தெரியும்படி ஏதோ ஒரு வழி திறந்துவிட்டாள். மென்பொருளைத் தட்டினாள்.

நீலத் திரை, மஞ்சள் கட்டங்கள்.

பாதி எடை போட்ட வண்டிகளைத் தனியாகக் காட்டும் ஒரு மூலை உண்டு, வலது பக்கம் கீழே. என் கண் தானாக அங்கே போயிற்று. அதில் ஒரே ஒரு வண்டி. நம்பரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்த நரைத்தலை டிரைவரின் வண்டி. அன்றைக்குக் காலையில் போட்ட காலி எடை பக்கத்திலேயே நிற்கிறது. பாரத்துக்குக் காத்திருக்கிறது.

மயங்கி விழுந்தவள் கண் விழித்ததும், "அடுப்புல பால் வெச்சனே, எறக்குனீங்களா?" என்று கேட்பாளே, அப்படி இருந்தது. தான் எரிந்தது அதற்குத் தெரியாது. தன் உடம்பு விற்றுப் போனதும் தெரியாது. இன்னொன்றின் முதுகில் உட்கார்ந்திருப்பதும் தெரியாது. அது விட்ட இடத்திலேயே இருந்தது, அந்த வண்டி திரும்பி வரும் என்று. என் கைகள் தாமாகக் குவிந்துவிட்டன. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு இப்படி வந்ததில்லை, பொய் சொல்வானேன்.

"இத அழிச்சரலாமுங்களா?" என்றாள் அவள்.

"இரு சாமி. அவரு வரட்டும்" என்றேன்.

எடை காட்டும் பெட்டியின் எண்ணை உள்ளே இருக்கும் பழசுக்குக் கொண்டுபோக அவளுக்குத் தனியாக ஒரு துண்டு வயர் வேண்டியிருந்தது. மில்லிலிருந்து கொண்டுவந்தாள். அதற்குள் வெளியே மக்காச்சோள லாரி ஒன்று ஏறி நின்று ஹாரன் அடித்தது. சிவப்பு எண்கள் ஏறின, ஆடின, நின்றன. அதே எண் நீலத் திரையில் வந்து உட்கார்ந்தது. நான் நம்பரை அடித்தேன். அம்புக்குறியை ஒரு தட்டு. பொத்தான். மூலையில் பழைய பிரிண்டர் கரகரவென்று சீட்டை அடித்துத் தள்ளியது.

டிரைவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "என்னுங்க, இத்தன நேரம்?" என்று சலித்துக்கொண்டு சீட்டை வாங்கிக்கொண்டு போனான். நான் தலையை அசைத்தேன். லாரி நகர்ந்தது.

மகன் குனிந்து திரையைப் பார்த்தான். மாலை போட்ட லாரிப் படம் அவன் கண்ணிலும் பட்டிருக்கும். பிறகு சக்கர நாற்காலியை என் பக்கம் உருட்டினான்.

"இதுல உக்காரும்மா. முதுகு வலிக்காது."

"சக்கரம் வெச்சது எனக்கெதுக்கு? நான் எங்கீம் போகல" என்றேன்.

சேலத்து ஆளும் வந்து சேர்ந்தான். மதியத்துக்கு மேல் அவன் முறை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளைத் திரையில் சீட்டுப் போடுகிறான். காலையில் நான் அதே பெட்டியில் நீலத் திரையைத் திறக்கிறேன். ஒரே பெட்டி. அவனுக்கு ஒரு முகம், எனக்கு ஒரு முகம். எங்களுக்குள் சண்டை இல்லை.

நரைத்தலை டிரைவர் கொஞ்ச நாள் கழித்து வந்தார். அவரை உள்ளே கூப்பிட்டு மூலையைக் காட்டினேன். குனிந்து தன் நம்பரைப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இத்தன நாளா நான் காலி வண்டியாத்தான் சுத்தீட்டு இருந்திருக்கறனாக்கும்" என்றார். பிறகு குரல் இறங்கி, "வுட்டுருங்கக்கா, பாவம், எத்தன நாளைக்குத்தான் காத்திருக்கும்" என்றார்.

புதுப் பாரத்திலிருந்து பழைய காலி எடையைக் கழித்தால் அது பொய்ச் சீட்டு. அதை நான் போட மாட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியை எடுத்துவிட்டு, வண்டியை முதலிலிருந்து எடை போட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

ஆயுத பூஜை வந்தது. மேடையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பிரிண்டருக்கும் எடை காட்டும் பெட்டிக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, கறுப்புக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுவிட்டேன். இதற்கு வைத்துவிடலாம். உள்ளே இருப்பதற்கு எங்கே வைப்பது? அதற்கு நெற்றி ஏது? பச்சைத் துண்டு இனி சாமி அலமாரிக்கு வரக் கூடாது, சந்தனமும் அதன்கிட்டே போகக் கூடாது என்று அந்தப் பெண் என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

யோசித்துவிட்டு, பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். அதற்கு மேலே இன்னொன்று வைத்தேன்.

தேங்காய் உடைக்க வந்த மகன் பார்த்துவிட்டான். "ஒரு பெட்டிக்கு எதுக்கும்மா ரெண்டு பொட்டு?"

"கீழ இருக்கறது சொமக்கற லாரிக்கு. மேல இருக்கறது…" என்று ஆரம்பித்தவள், சட்டென்று குரலை இறக்கி அவன் காதருகே போனேன். "மெதுவாப் பேசு. அதுக்குத் தெரியாது."